மோரிதேரியம்: தும்பிக்கை இல்லாத யானைச் சொந்தம் – வாசகர் கேள்வி பதில்

யானைப் பரிணாமப் படங்களில் மோரிதேரியத்தை முதலில் வரைகிறார்கள். இன்றைய யானை இதிலிருந்துதான் வந்ததா?

இல்லை. இது பக்கத்தில் கிளைத்து அற்றுப்போன இனம். எகிப்தின் ஃபயூம் பகுதியில் கிடைத்த எலும்புகளை வைத்து 1901-இல் பிரிட்டிஷ் தொல்லுயிரியலாளர் சார்லஸ் ஆண்ட்ரூஸ் இதற்குப் பெயரிட்டார். இதைவிடப் பழைய யானைச் சொந்தம் எதுவும் நெடுங்காலம் கையில் சிக்காததால், படத்தின் முதல் இடம் இதற்கே நிலைத்துவிட்டது. மொராக்கோவின் பாஸ்பேட் படுகைகளிலிருந்து 1996-இல் பாஸ்பதேரியமும், 2009-இல் எரிதேரியமும் அறிவிக்கப்பட்ட பிறகு கணக்கு மாறியது. எரிதேரியம் ஏறத்தாழ 6 கோடி ஆண்டுப் பழமையானது. எடை சில கிலோதான். மோரிதேரியம் வாழ்ந்ததோ சுமார் 3.7 கோடி முதல் 3.3 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. வம்சம் தொடங்கி 2 கோடி ஆண்டுகள் கழித்து வந்ததைத் தலைமகனாக்க முடியாது. இது வாழ்ந்த காலத்திலேயே அந்தப் பக்கத்தில் பாரிதேரியம் என்ற பெரிய உடல்கொண்ட சொந்தமும் திரிந்தது. இன்றைய யானைக்கு நெருக்கமானவை, அதே ஃபயூமில் சற்றே மேலடுக்குகளில் கிடைக்கும் பேலியோமாஸ்டடானும் ஃபியோமியாவும்.

பள்ளிக் கண்காட்சிக்குக் களிமண்ணில் மாதிரி செய்கிறோம். அளவுகள் வேண்டும்.

தோள் உயரம் 70 செ.மீ., நீளம் 2.3 மீட்டர், எடை 235 கிலோ வாக்கில். பத்தில் ஒரு பங்கு மாதிரியென்றால் 7 செ.மீ. உயரம், 23 செ.மீ. நீளம். இவ்வளவு நீளத்தைக் குட்டைக் கால்கள் தாங்காமல் நடுவுடல் தொங்கிவிடும். முதுகெலும்பு வாக்கில் கம்பி ஒன்றை உள்ளே வைத்துக் கட்டுங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறு, யானையைச் சுருக்கிச் செய்துவிடுவது. யானை மண்டையோட்டில் மூக்குத் துளை மேலேறிக் கண்களுக்கு நடுவே இருக்கும். தும்பிக்கைத் தசைகள் பற்றும் இடம் அது. மோரிதேரியத்துக்குத் துளை முகத்தின் முன்பக்கத்திலேயே இருக்கிறது. ஆகவே தும்பிக்கை வேண்டாம், தடித்துச் சற்று முன்தள்ளிய மேலுதடு போதும். வாய் தரைக்கு அருகிலேயே இருக்கும் விலங்குக்குத் தும்பிக்கையால் பெரிய வேலையும் இல்லை. கண்களை முகத்தில் நன்றாக முன்தள்ளி வையுங்கள். விசிறிக் காதும் தூண் காலும் கூடாது. பார்ப்பவருக்குக் குட்டை நீர்யானை நினைவுக்கு வந்தால் சரியாகச் செய்திருக்கிறீர்கள்.

தந்தம் உண்டா?

சிறியது உண்டு. மேல்தாடையின் இரண்டாம் வெட்டுப்பல் பெரிதாகிக் கீழ்நோக்கி நிற்கிறது. இன்றைய யானையின் தந்தமும் இதே பல்தான். கீழ்த்தாடையிலும் ஒரு ஜோடி முன்னோக்கிப் படுத்திருக்கும். மொத்தம் 36 பற்கள். யானைக்கு வாழ்நாள் முழுவதுக்கும் தந்தத்தோடு சேர்த்து 26; அதன் கடைவாய்ப்பற்கள் பின்னாலிருந்து முன்னே நகர்ந்து, ஆறு முறை மாறிமாறி வரும். மோரிதேரியத்துக்கு அந்த ஏற்பாடு கிடையாது, நம்மைப்போலப் பால்பல் விழுந்து அடியிலிருந்து புதுப்பல் முளைக்கும்.

நீரில் வாழ்ந்தது என்று எலும்பை வைத்து எப்படிச் சொல்கிறார்கள்?

எலும்பைவிடப் பல்லை வைத்து. பல் எனாமலில் 95 சதவீதத்துக்கு மேல் தாதுப்பொருள். அடர்த்தி அதிகம் என்பதால் மண்ணுக்குள் கிடந்தாலும் நிலத்தடி நீர் அதன் வேதியியலை எளிதில் மாற்றாது. எலும்பும் பல்லின் உட்பகுதியான டென்டினும் நுண்துளை கொண்டவை, கெட்டுவிடும். அதனால் எனாமலை மட்டும் நுண்துளைப்பானால் சுரண்டிப் பொடியாக்கி, ஒட்டிய கரிமப் பொருளையும் பிற்காலக் கார்பனேட்டையும் வேதிக்கழுவலில் நீக்கி, நிறைமாலைமானியில் அளக்கிறார்கள். டென்டின் கொஞ்சம் கலந்தாலும் அளவு நம்பத்தக்கதல்ல.

தரை விலங்கு இலையிலும் குட்டையிலுமாகப் பல இடங்களில் நீர் எடுப்பதால், ஒவ்வொன்றின் ஆக்சிஜன் ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் எடை மாறுபட்ட அணுக்கள்) மதிப்பும் வெவ்வேறாகச் சிதறும். நீரிலேயே கிடப்பவற்றுக்கு அந்தச் சிதறல் மிகக் குறைவு. 2008-இல் வெளியான ஆய்வில் மோரிதேரியத்துக்கும் பாரிதேரியத்துக்கும் சிதறல் குறைவாகவே வந்தது. கார்பன் மதிப்புகள் நன்னீர்த் தாவர உணவைக் காட்டின. இங்கே பார்க்க வேண்டியது சிதறலை. அதற்குப் பல விலங்குகளின் பற்கள் தேவை. ஒற்றைப் பல்லை அளந்து "நீர்வாழ்வி" என்று தீர்ப்பெழுதினால் நம்பாதீர்கள்.

இந்தியாவில் கிடைத்திருக்கிறதா?

இல்லை. இந்தியா, பாகிஸ்தானின் ஈயோசீன் (ஏறத்தாழ 5.6 கோடி முதல் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய காலம்) அடுக்குகளில் கிடைக்கும் ஆந்த்ரகோபூனிட்கள் என்ற அற்றுப்போன விலங்குகளை இதன் உறவாகப் பலகாலம் எழுதிவந்தார்கள். 2014-இல் வெளியான ஆய்வு அவற்றைக் குதிரை, காண்டாமிருகம் இருக்கும் பக்கத்துக்கு மாற்றியது. பழைய நூல்களைப் படிக்கும்போது அந்த வரியைத் திருத்திக்கொள்ளுங்கள்.

இன்று உயிரோடிருக்கும் நெருங்கிய சொந்தங்கள் எவை?

யானைகள்தான் முதலில். அடுத்து கடற்பசு எனப்படும் ஆவுளியா இருக்கும் குடும்பம், பிறகு முயல் அளவே உள்ள ஆப்பிரிக்காவின் ஹைராக்ஸ். ஆவுளியா பாக் விரிகுடாவில் இன்னும் கடற்புல் மேய்கிறது. அங்கே 448 சதுர கி.மீ. பரப்பைத் தமிழக அரசு 2022-இல் அதற்கான பாதுகாப்பகமாக அறிவித்தது.