இரண்டு மணி நேரம்தான் உங்கள் கையில்: கேம் வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: என் லேப்டாப்பில் ஜிடிஎக்ஸ் 1650, 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு. ரேம் 8 ஜிபி. ஆலன் வேக் 2 என்ற திகில் கேம் தள்ளுபடியில் வந்திருக்கிறது. வாங்கலாமா அண்ணா?
— கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: வேண்டாம் தம்பி. அந்த கேமுக்குக் குறைந்தபட்சம் என்று தயாரித்தவர்களே கேட்பது ஆர்டிஎக்ஸ் 2060 அல்லது ஆர்எக்ஸ் 6600, 6 ஜிபி வீடியோ மெமரி, 16 ஜிபி ரேம், எஸ்எஸ்டியில் 90 ஜிபி இடம். கார்டு, ரேம் இரண்டிலும் உங்களுடையது எட்டாது. இன்னொன்று: கணினியில் அது எபிக் கடையில் மட்டும்தான் விற்கிறது, ஸ்டீம் என்ற பெரிய ஆன்லைன் கேம் கடையில் இல்லை. 'ஆலன் வேக் 2 ஸ்டீம் கீ, பாதி விலை' என்று யாராவது விற்றால் அது மோசடி. அப்படி ஒரு கீ, அதாவது கேமைத் திறக்கும் குறியீடு, கிடையாது.

உங்கள் கார்டுக்கு நல்ல பயம் வேறு இருக்கிறது. 2019-ல் வந்த ரெசிடென்ட் ஈவில் 2 மறுஆக்கத்தை எடுங்கள். கிராபிக்ஸ் பக்கத்தில் வீடியோ மெமரி எவ்வளவு போகிறது என்று ஒரு பட்டை காட்டும். டெக்ஸ்சர் (பொருள்களின் மேற்பரப்புப் படம்) தரம் ஒவ்வொன்றுக்கும் எத்தனை ஜிபி என்று பக்கத்திலேயே எழுதியிருக்கும். பட்டை 4 ஜிபிக்குள் நிற்கிறமாதிரி டெக்ஸ்சரையும் நிழலையும் இறக்குங்கள். 2022 ஜூனில் வந்த ரே டிரேசிங் (ஒளியை நிஜம்போலக் காட்டும் முறை) அப்டேட்டுக்குப் பிறகு பழைய கணினிகளில் திணறுவதாகப் புகார் கிளம்பியதால், பழைய டைரக்ட்எக்ஸ் 11 வடிவத்தையும் ஸ்டீமில் விட்டுவைத்தார்கள். லைப்ரரியில் கேமின் மேல் வலது கிளிக், ப்ராப்பர்டீஸ், பீட்டாஸ். அங்கே டிஎக்ஸ்11 என்று தொடங்கும் கிளையைத் தேர்ந்தெடுத்தால் அது இறங்கும். போலீஸ் ஸ்டேஷனுக்குள் தொப்பி போட்ட ராட்சதன் துரத்த ஆரம்பித்ததும் ஹெட்போன் மாட்டிக்கொள்ளுங்கள். அவன் மேல்மாடியில் இருக்கிறானா, அடுத்த அறைக்கு வந்துவிட்டானா என்பதைக் காலடிச் சத்தமே சொல்லிவிடும். லேப்டாப் ஸ்பீக்கரில் அது பிடிபடாது, அநியாயமாகச் சாவீர்கள்.

ஏலியன் ஐசொலேஷன் (2014), சோமா (2015) இரண்டும் உங்கள் கணினியில் நன்றாகவே ஓடும். மிச்சக் காசில் இன்னொரு 8 ஜிபி ரேம் போடுங்கள். ஒற்றை ஸ்டிக்கில் ஓடும் லேப்டாப்புக்கு அதுதான் முதல் மருந்து.

கேள்வி: நண்பர்கள் எல்லோரும் புகழ்ந்த விண்வெளி மர்ம கேமை வாங்கினேன். அவர்கள் சொன்ன மாதிரி இல்லவே இல்லை, ஒரே துப்பாக்கிச் சூடு. பிறகுதான் தெரிந்தது, நான் வாங்கியது தி அவுட்டர் வேர்ல்ட்ஸ். அவர்கள் சொன்னது அவுட்டர் வைல்ட்ஸ். 9 மணி நேரம் ஆடிவிட்டேன். பணம் திரும்புமா?
— ஐடி ஊழியர், சென்னை

பதில்: திரும்பாது. ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், ஆடிய நேரம் 2 மணிக்குள் இருந்தால்தான் கேட்கலாம். இரண்டும் 2019-ல் வந்தவை, பெயரும் ஒன்றுபோல இருக்கும், அது உண்மை. ஆனால் கடைப் பக்கத்துப் படங்களிலேயே துப்பாக்கி இருக்கிறது. ஒரு நிமிட டிரெய்லர்கூடப் பார்க்காமல் ஆயிரக்கணக்கில் பணம் கட்டிவிட்டு, ஒன்பது மணி நேரம் கழித்து என்னிடம் கேட்டால் நான் என்ன செய்ய?

அவுட்டர் வைல்ட்ஸை இப்போதாவது வாங்குங்கள். அதைப் பற்றி எதையும் படிக்காதீர்கள், வீடியோ பார்க்காதீர்கள். அந்த கேமில் நீங்கள் சேர்க்கிற சொத்து தகவல் மட்டும்தான். துப்பாக்கி இல்லை, லெவல் இல்லை. விடையை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் கட்டிய காசில் பாதி போச்சு.

கேள்வி: அடுத்த ஆண்டு வரப்போகும் ஒரு திகில் கேமின் டீலக்ஸ் எடிஷனுக்கு முன்பதிவு தொடங்கிவிட்டது. 72 மணி நேரம் முன்னதாகவே ஆடலாமாம், கூடவே மூன்று உடைகள். இப்போதே கட்டினால் நல்லதுதானே?
— கோயம்புத்தூர்

பதில்: நல்லது விற்பவருக்கு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மாதம் தவறாமல் இந்தக் கடிதம் வருகிறது.

முன்பதிவு என்பது சரக்கு தீர்ந்துவிடும் காலத்துப் பழக்கம். கடையில் இருபது கேம் தட்டு (டிஸ்க்) வரும், முதலில் பணம் கட்டியவனுக்குக் கிடைக்கும். டவுன்லோடு தீர்ந்துபோகாது. முதல் நாளும் அதே கேம், நூறாவது நாளும் அதே கேம். நூறாவது நாளில் பிழைகளைத் திருத்தியிருப்பார்கள், பெரும்பாலும் விலையும் இறங்கியிருக்கும். முன்கூட்டிக் கட்டுகிறவர் கூடுதல் விலைக்கு மோசமான வடிவத்தை வாங்குகிறார்.

2013 பிப்ரவரியில் ஏலியன்ஸ்: கலோனியல் மரீன்ஸ் என்ற கேம் வந்தது. கண்காட்சிகளில் காட்டிய டெமோவில் ஒளியும் நிழலும் அசத்தின. கடைக்கு வந்த கேம் அதன் நிழலாகக்கூட இல்லை. பிரிட்டனின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பிடம் புகார் போனது. டிரெய்லரில் இருந்தது டெமோ காட்சி என்று குறிப்புப் போட, கேமை வெளியிட்ட செகா ஒப்புக்கொண்டது. அதற்குள் முன்பதிவுக்காரர்களின் பணம் போய்விட்டது. அந்த கேமில் ஏலியன்கள் முட்டாள்தனமாகச் சுற்றுவதற்கு ஒரு காரணம், அமைப்புக் கோப்பு ஒன்றில் ஒரு சொல்லில் கூடுதலாக விழுந்த ஒற்றை எழுத்து என்பதை ரசிகர் ஒருவர் சில ஆண்டுகள் கழித்துக் கண்டுபிடித்தார். அந்த எழுத்தை அழித்தால் அவை ஓரளவு ஒழுங்காகத் தாக்க ஆரம்பிக்கும்.

2023 டிசம்பர் 7-ல் தி டே பிஃபோர் வந்தது. ஸ்டீமில் ஏராளமானோர் விருப்பப் பட்டியலில் போட்டு வைத்திருந்த ஜோம்பி கேம். டிரெய்லர் காட்டிய திறந்த உலகம் உள்ளே இல்லை. நான்கே நாளில் நிறுவனம் மூடுவதாக அறிவித்தது. 2024 ஜனவரி 22-ல் சர்வரும் அணைந்தது. நல்ல வேளையாக அதில் வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பியது. ஒவ்வொரு தடவையும் அப்படி நடக்காது.

'72 மணி நேரம் முன்னதாக' என்பதையும் நன்றாகப் பாருங்கள். 2024 ஏப்ரல் முதல் ஸ்டீமில் அப்படி முன்னதாக ஆடும் நேரமும் ரீஃபண்டுக்கான உங்கள் 2 மணிக் கணக்கில் சேர்கிறது. முன்பு இந்த ஓட்டை வழியாக நாள் கணக்கில் ஆடிவிட்டுப் பணம் கேட்டவர்கள் உண்டு. இப்போது முடியாது. முதல் தடவை கிராபிக்ஸ் தயாராகும் (ஷேடர் கம்பைல்) வரை மெனுவில் காத்திருக்கும் அரை மணியும் அந்தக் கணக்கில்தான் போகும். கேமைத் திறந்துவைத்துவிட்டுச் சாப்பிடப் போனாலும் அப்படித்தான்.

பெட்டி எடிஷன்களிலும் இதே கதைதான். என் அலமாரியில் பொம்மையோடு வந்த ஒரு திகில் கேம் பெட்டி இருக்கிறது. உள்ளே தட்டு இல்லை, ஒரு காகிதத்தில் டவுன்லோடு குறியீடு மட்டும். பின்பக்கத்துச் சிறிய எழுத்தில் அது அச்சாகியிருந்தது. வாங்குமுன் அந்தச் சிறிய எழுத்தைப் படியுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் முன்பதிவு செய்தே தீருவேன் என்றால் ஸ்டீமில் செய்யுங்கள். முன்னதாக ஆடத் தொடங்காதவரை, வெளியாகும் நாள்வரை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். வெளியானதும் முதல் விமர்சனங்களைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: வாட்ஸ்அப் குழு ஒன்றில் பிஎஸ்5-க்கு சைலன்ட் ஹில் 2 வெறும் 900 ரூபாய்க்குக் கிடைத்தது. ஒரு அக்கவுண்ட் ஐடி, பாஸ்வேர்டு கொடுத்தார்கள். ஒரு மாதம் ஆடினேன். இப்போது கேமின் மேல் பூட்டு விழுந்திருக்கிறது, அவர்கள் என்னை பிளாக் செய்துவிட்டார்கள். வீட்டில் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.
— பெயர் வேண்டாம், மதுரை

பதில்: கூச்சப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை. இதைத் தொழிலாகவே செய்கிறார்கள். ஒரே அக்கவுண்டில் கேமை ஒருமுறை வாங்கி, அந்த ஐடியைப் பலருக்கு விற்பார்கள். உங்கள் கன்சோலில் அந்த ஐடியால் நுழைந்து 'கன்சோல் ஷேரிங்' வசதியை இயக்கச் சொல்வார்கள். அதனால் உங்கள் சொந்த அக்கவுண்டில் இருந்தே ஆட முடியும். அப்புறம் வேறொருவருக்கு விற்கும்போது உங்கள் கன்சோலின் இணைப்பை அங்கிருந்தே துண்டித்துவிடுவார்கள். அப்போதுதான் பூட்டு விழும். அக்கவுண்டை விற்பதும் பகிர்வதும் சோனியின் விதிக்கு எதிரானது, அதனால் சோனியிடம் போனால் கேம் திரும்பாது.

செய்ய வேண்டியது இது. குழு உரையாடல், அவர்களின் எண், யுபிஐ பரிவர்த்தனை எண் எல்லாவற்றையும் இன்றே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். குழுவிலிருந்து உங்களை நீக்கிவிட்டால் பழைய செய்திகள்தான் சாட்சி. பிறகு சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழைத்துப் பதிவு செய்யுங்கள், மத்திய அரசின் சைபர் கிரைம் தளத்திலும் எழுதுங்கள். ஒரு மாதம் ஆகிவிட்டதால் பணம் திரும்புவது சந்தேகம்தான். ஆனாலும் அதே எண் மேல் புகார்கள் சேரும்போது கணக்கு முடக்கப்படும். கன்சோலில் அந்த அந்நிய யூசரை அழியுங்கள். உங்கள் சொந்த பாஸ்வேர்டை மாற்றி, இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போடுங்கள். அந்த ஐடியில் உங்கள் கார்டு விவரம் ஏதாவது கொடுத்திருந்தால் வங்கியில் சொல்லி கார்டை மாற்றிவிடுங்கள்.

பெரிய இணைய அங்காடியில் இப்படி ஏமாந்திருந்தால் வழி வேறு. 2020-ன் மின்வணிக விதிகள்படி அவர்களின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கேள்வி: ஸ்டீமில் மலிவான துருக்கி விலையில் வாங்க, அங்கே இருப்பதாகக் காட்டும் விபிஎன் போடலாமா?
— சேலம்

பதில்: கூடாது. அக்கவுண்டே முடங்கலாம். துருக்கி விலை 2023 நவம்பரிலேயே டாலருக்கு மாறிவிட்டது.

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. துப்பறியும் கதைகள் என்றால் உயிர். ரத்தம், அலறல் பிடிக்காது. அவளுடைய சாதாரண லேப்டாப்பில் ஓடும் கேம் சொல்லுங்கள்.
— ஓர் அம்மா, தஞ்சாவூர்

பதில்: முதலில் ரிட்டர்ன் டு மங்கி ஐலண்ட் (2022). கடற்கொள்ளையர், புதிர், கேலி. உள்ளேயே ஒரு குறிப்புப் புத்தகம் இருக்கிறது. கேட்கக் கேட்கக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொல்லும். இணையத்தில் விடை தேடும் பழக்கம் வராது.

துப்பறிதலில் என் முதல் தேர்வு ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின் (2018), லூகாஸ் போப் என்பவர் தனியாகச் செய்தது. 1803-ல் தொலைந்ததாகக் கருதப்பட்ட கப்பல் 1807-ல் ஆளில்லாமல் கரைக்குத் திரும்புகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் காப்பீட்டு ஆய்வாளராக நீங்கள் ஏற வேண்டும். கப்பலில் இருந்த 60 பேரும் யார், ஒவ்வொருவருக்கும் என்ன ஆனது என்று ஒரு புத்தகத்தில் நிரப்ப வேண்டும். மூன்று பேரின் கதி சரியாகச் சேர்ந்தால்தான் அது ஒப்புக்கொள்ளும். அதனால் குருட்டாம்போக்கில் அடித்துப் பார்ப்பது எடுபடாது. ஒருவர் பேசும் விதம், போட்டிருக்கும் காலணி, யார் பக்கத்தில் நிற்கிறார் என்பதெல்லாம் சாட்சி. கறுப்பு வெள்ளைக் கோடுகளாக இருந்தாலும் சாவுகள் கோரமானவை. முதல் அரை மணி நீங்கள் பார்த்துவிட்டு மகளிடம் கொடுங்கள். ஆங்கிலம் புரிய வேண்டும்.

தி கேஸ் ஆஃப் தி கோல்டன் ஐடல் (2022) இதே வகையில் எளிது. உறைந்த காட்சியைக் கிளிக் செய்து சொற்களைச் சேகரித்து, நடந்ததை வாக்கியமாக நிரப்ப வேண்டும். அதிலும் கொலைகள் உண்டு, ஆனால் உறைந்த ஓவியமாக.

கேள்வி: பி.டி. என்ற திகில் டெமோ இன்ஸ்டால் ஆன பழைய பிஎஸ்4-ஐ ஒருவர் 35,000 ரூபாய் சொல்கிறார். நியாயமா?
— யாழ்ப்பாணம்

பதில்: இல்லை. 2014 ஆகஸ்டில் இலவசமாக வந்த டெமோ அது, 2015 ஏப்ரலில் கடையிலிருந்து எடுத்துவிட்டார்கள். விற்பவருடைய அக்கவுண்டோடு பிணைந்தது. அவர் கன்சோலை இனிஷியலைஸ் செய்துவிட்டுக் கொடுத்தாலும், பிறகு ஹார்ட் டிஸ்க் செத்தாலும், அது போனது போனதுதான். மறுபடி இறக்க முடியாது. பிஎஸ்5-க்கு மாற்றினாலும் ஓடாது. ஒரே வராந்தாவில் திரும்பத் திரும்ப நடக்கும் அற்புதமான ஒன்றரை மணி நேரம் அது. அதற்கு 35,000 அதிகம்.

கேள்வி: சைலன்ட் ஹில் எச்டி கலெக்ஷன் பழைய எக்ஸ்பாக்ஸ் 360 தட்டு மலிவாகக் கிடைக்கிறது.
— ஈரோடு

பதில்: வாங்காதீர்கள். இறுதி வடிவம் அல்லாத மூலக் குறியீட்டிலிருந்து 2012-ல் ஒப்பேற்றியது. அந்த ஊரையே மூடி நிற்க வேண்டிய பனிமூட்டம் மெலிந்து, பின்னால் முடியாமல் கிடக்கும் வெற்று விளிம்புகள் தெரிகின்றன. பிஎஸ்3-க்காவது ஒரு திருத்தம் வந்தது. 360-க்கு அறிவித்ததைக் கைவிட்டார்கள். 2024-ல் புளூபர் டீம் செய்த சைலன்ட் ஹில் 2 மறுஆக்கம் தள்ளுபடிக்கு வரட்டும், அதை எடுங்கள். கணினியில் ஆடுவதானால் எஸ்எஸ்டியில் போடுங்கள், கார்டு ஜிடிஎக்ஸ் 1070 டிஐக்குக் கீழே வேண்டாம்.

கேள்வி: ரெசிடென்ட் ஈவில் 3 மறுஆக்கத்தை முழு விலையில் நேற்றுதான் வாங்கினேன். இன்று பாதி விலை! வயிறு எரிகிறது.
— புதுச்சேரி

பதில்: ஸ்டீம் என்றால், 2 மணிக்குமேல் ஆடியிருக்காவிட்டால், இப்போதே ரீஃபண்ட் கேளுங்கள்; பணம் வந்ததும் தள்ளுபடி விலையில் திரும்ப வாங்குங்கள். இதை முறைகேடாகக் கருத மாட்டோம் என்று ஸ்டீமே தன் விதியில் எழுதிவைத்திருக்கிறது. பணத்தை உங்கள் ஸ்டீம் வாலட்டுக்கே கேட்டால் அதிலிருந்தே மறுபடி கட்டிவிடலாம். தள்ளுபடி முடியும் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் தடவை ஆறு மணி நேரத்தில் முடிந்துவிடும் கேம் அது, மூலத்தில் இருந்த மணிக்கூண்டுப் பகுதியையும் வெட்டிவிட்டார்கள். பாதி விலைதான் அதற்குச் சரியான விலை.