குதிரையை விற்பதா, பள்ளியை விடுவதா? ஒரு தாய்க்கு எழுதிய பதில்

வணக்கம் அம்மா.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகளுக்கு 16 வயது. பள்ளி முடிய இன்னும் 2 ஆண்டு. குதிரையை வரிசையான அசைவுகளில் நேர்த்தியாக நடத்திக்காட்டும் ட்ரெஸ்ஸாஜ் சவாரி பழகத் தொடங்கி 4 ஆண்டு ஆகிறது. இப்போது ஏறுவது 9 வயது ஆண் குதிரை. துடிப்பு அதிகம், சின்னச் சத்தத்துக்கும் மிரளுகிறது. மூன்று மாதத்துக்கு முன் அவளைக் கீழே தள்ளியதில் மணிக்கட்டு எலும்பு முறிந்தது. அப்பா குதிரையை விற்றுவிடலாம் என்கிறார். மகளோ பள்ளியை நிறுத்திவிட்டு முழு நேரமும் லாயத்திலேயே இருக்கப்போகிறேன் என்கிறாள். நடுவில் நீங்கள் தூக்கமில்லாமல் கிடக்கிறீர்கள்.

என் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணங்களை அப்புறம் பார்ப்போம். குதிரையை இப்போது விற்க வேண்டாம். பள்ளியையும் விட வேண்டாம். ஒன்று பயத்தில் எடுத்த முடிவு, இன்னொன்று அந்தப் பயத்துக்குப் பதிலடியாக எடுத்த முடிவு. அடுத்த 3 மாதத்தில் செய்ய வேண்டிய சில வேலைகள் இருக்கின்றன. அவற்றைச் செய்து முடித்தாலே உங்கள் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

போன வாரம் உங்களிடம் சொல்லிவிட்டுப் பயிற்சி மைதானத்துக்குப் போயிருந்தேன். அங்கே பார்த்ததை அப்படியே சொல்கிறேன். 60 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், எந்த அசைவை எங்கே செய்வது என்று காட்ட ஓரத்தில் எழுத்துப் பலகைகள். நடுவர் உட்காரும் 'சி' எழுத்துப் பக்கம் யாரோ நாற்காலியின் மேல் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தார்கள். உங்கள் மகள் அந்த மூலையை நெருங்கும்போது காற்றில் அந்த உறை படபடத்தது. குதிரை கழுத்தைத் தூக்கிக்கொண்டு விறைத்து நின்றது. இரண்டு காதும் நாற்காலியைப் பார்த்துக் குத்திட்டன. அடுத்த நொடி பக்கவாட்டில் நாலு அடி பாய்ந்தது.

கடிவாள வாரைச் சுண்டி இழுப்பாள் என்று நினைத்தேன். அவள் இழுக்கவில்லை. நீளமாக ஒரு மூச்சை வெளியே விட்டாள். தோள் இறங்கியது தூரத்திலிருந்தே தெரிந்தது. உள்பக்கக் கையைக் கொஞ்சம் விலக்கி, குதிரையை ஒரு சின்ன வட்டத்தில் திருப்பினாள். முதல் சுற்றில் அதன் கண் முழுக்க நாற்காலி மேல்தான். இரண்டாவது சுற்றில் ஒரு காது மட்டும் பின்னால், அவள் பக்கம் திரும்பியது. மூன்றாவதில் கழுத்து தாழ்ந்தது, 'புர்ர்ர்' என்று மூக்கால் காற்றை விட்டது. குதிரையின் உடம்பு தளர்கிறது என்பதற்கு அந்தச் சத்தம் நல்ல அடையாளம். அதற்குப் பிறகுதான் அவள் மறுபடியும் 'சி' பக்கம் போனாள், அதுவும் இரண்டு மீட்டர் உள்ளே தள்ளி.

இறங்கிய பிறகு நடந்தது எனக்கு இதைவிட முக்கியமாகப் பட்டது. சேணத்தைக் கழற்றியதும் உள்ளங்கையால் குதிரையின் முதுகை மெல்லத் தடவிக்கொண்டே வந்தாள். பிடரி முடிகிற இடத்துக்குச் சற்றுப் பின்னால், இடதுபக்கம், கை பட்டதும் குதிரை முதுகைக் குழித்து வாலைச் சுழற்றியது. "இந்த இடத்தைத் தொட்டா இப்படித்தான் சார் பண்றான். ரெண்டு வாரமா பாத்துட்டு இருக்கேன்" என்றாள். யாரிடம் சொன்னாய் என்று கேட்டேன். யாரும் கேட்கவில்லை என்றாள்.

அம்மா, அதனால் முதல் வேலை, குதிரைகளைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரை வரவழைப்பது. 'துடிப்பான குதிரை' என்று நாம் சொல்வதில் பல சமயம் பாதி வலி. சேணம் சரியாகப் பொருந்தாவிட்டால் முதுகு வலிக்கும். பல்லின் ஓரம் கூர்மையாகிவிட்டால் கடிவாளம் படும்போதெல்லாம் வாய் உறுத்தும். இன்னொன்று, குதிரையின் வயிறு தீனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அமிலத்தைச் சுரந்துகொண்டே இருக்கும். அதனால் நெடுநேரம் புல் இல்லாமல் நின்றால் வயிற்றில் புண் வரலாம்; போட்டிக் குதிரைகளுக்கு இது அடிக்கடி வருவதுதான். செய்யும் வேலைக்கு மீறித் தானியம் போட்டாலும், திறந்தவெளியில் அவிழ்த்துவிடாமல் நாள் முழுக்க அடைத்து வைத்தாலும் குதிரை துள்ளத்தான் செய்யும். முதுகு, பல், வயிறு, சேணம் நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள். மருத்துவரிடம் பேசுவது உங்கள் மகளாகவே இருக்கட்டும். இரண்டு வாரமாகப் பார்த்தவள் அவள்தான்.

இசபெல் வெர்த் என்ற ஜெர்மானிய ட்ரெஸ்ஸாஜ் வீராங்கனையைப் பற்றி உங்கள் மகளுக்குத் தெரிந்திருக்கும். 1992 பார்சிலோனாவில் தொடங்கி 2024 பாரிஸ் வரை ஒலிம்பிக்கில் 8 தங்கம் வாங்கியவர். அவரிடம் சாட்ச்மோ என்றொரு குதிரை இருந்தது. மிக நன்றாக ஆடிக்கொண்டிருக்கும், திடீரென்று எதையோ கண்டதுபோல் மிரளும். பிடிவாதம் என்றுதான் பார்த்தவர்கள் நினைத்தார்கள். கடைசியில் பார்த்தால் அதன் கண்ணுக்குள் மிதக்கும் துகள்கள் இருந்தன. அறுவை சிகிச்சை செய்தார்கள். அதே சாட்ச்மோவோடுதான் அவர் 2006ல் ஆகன் நகரில் உலகச் சாம்பியன் ஆனார், 2008ல் ஒலிம்பிக் வெள்ளியும் வாங்கினார்.

மருத்துவர் எல்லாம் சரி என்று சொல்லிவிட்டால்? அப்போது, இந்தக் குதிரை இந்தப் பெண்ணுக்குப் பொருத்தமா என்ற கேள்வியைப் பயிற்சியாளரிடம் நேராகக் கேளுங்கள். என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன்: கற்றுக்கொள்ளும் வயதில் இருப்பவர், தன்னைவிட அதிகம் தெரிந்த வயதான குதிரையில் வாரத்துக்கு இரண்டு நாளாவது ஏற வேண்டும். ஒரு அசைவு சரியாக வந்தால் உடம்பில் எப்படி இருக்கும் என்பதை அந்தக் குதிரைதான் சொல்லிக்கொடுக்கும். அந்த உணர்வு தெரிந்த பிறகு தன் துடிப்பான குதிரையிடம் அதைத் தேடுவது எளிது. ஆறு மாதம் இப்படி இரண்டு குதிரையிலும் பழகட்டும். அதற்கும் பிறகு பயிற்சியாளர் வேண்டாம் என்று சொன்னால், குதிரையை வேறு கைக்கு மாற்றுவதை அவளும் ஏற்றுக்கொள்வாள். கட்டு அவிழ்த்த கையோடு விற்றால் ஒருநாளும் ஏற்கமாட்டாள்.

இனி படிப்பும் பிழைப்பும்.

ட்ரெஸ்ஸாஜ் அவசரப்பட்டு ஆகிற காரியமே இல்லை. உலகக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் விதிப்படி, கிராண்ட் ப்ரீ என்ற உச்ச நிலைப் போட்டிக்கு வரக் குதிரைக்கே குறைந்தது 8 வயது ஆகியிருக்க வேண்டும். இளையோருக்கு 14 முதல் 18 வரை ஒரு பிரிவு, 16 முதல் 21 வரை ஒன்று, 25 வயது வரை ஒன்று என்று படிப்படியாக வைத்திருக்கிறார்கள். ஜப்பானின் ஹிரோஷி ஹோகெட்சு 1964ல் குதிரையில் தடை தாண்டும் வீரராக ஒலிம்பிக்கில் கலந்துகொண்டார். அப்புறம் நிறுவன வேலை பார்த்தார், குதிரையையும் விடவில்லை. 2012 லண்டனில் ட்ரெஸ்ஸாஜ் களத்தில் இறங்கியபோது அவருக்கு 71 வயது. அதனால் பள்ளிக்குக் கொடுக்கிற இந்த 2 ஆண்டில் உங்கள் மகள் எதையும் இழக்கப்போவதில்லை. சொன்னேனே, அந்த வெர்த் சட்டம் படித்து வழக்கறிஞரானவர்.

பரிசுத் தொகையை மட்டும் நம்பி வாழ்கிற வீரர்கள் மிகக் குறைவு. பெரும்பாலோருக்கு வருமானம் வருவது மற்றவர்களின் குதிரையைப் பழக்குவதிலிருந்தும், சொல்லிக்கொடுப்பதிலிருந்தும், குதிரையை வளர்த்துப் பழக்கி விற்பதிலிருந்தும்தான். குதிரைக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. ஓடாத நாளிலும் தின்னும், லாடம் தேயும். இதை மகளோடு உட்கார்ந்து தாளில் எழுதிப் பாருங்கள். அவளைப் பயமுறுத்துவதற்காக இல்லை. லாயத்தின் ஒரு மாதக் கணக்கு என்னவென்று தெரியாமல் இந்தத் தொழிலுக்குள் போகக் கூடாது.

குதிரையோடு வாழ்வதற்குப் போட்டி ஒன்றுதான் வழி என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள், அதைத்தான் மாற்ற வேண்டும். முதுகைத் தடவி வலியைக் கண்டுபிடித்த அந்தக் கைக்கு எத்தனையோ வேலை காத்திருக்கிறது. கால்நடை மருத்துவம் படித்துக் குதிரை மருத்துவராகலாம்; உயிரியலும் வேதியியலும் கட்டாயம், நாலைந்து ஆண்டுக்கு மேல் படிக்கவும் வேண்டும். உடலியக்க மருத்துவம் படித்துவிட்டு விலங்குகளுக்கான மேல்பயிற்சி எடுக்கலாம். சேணம் பொருத்துவது தனி நிபுணத்துவம். நல்ல ஆளுக்கு ஊர் ஊராக அழைப்பு வரும். தீனி ஆலோசகர், லாய மேலாளர், பெரிய வீரர்களின் குதிரைகளோடு நாடு நாடாகப் பயணிக்கும் பராமரிப்பாளர் என்று இன்னும் இருக்கிறது. லாடம் அடிப்பது இப்போது முறையாகக் கற்றுத்தரப்படும் தொழில். ஜெர்மனியில் 'ஃபெர்டெவிர்ட்' என்று 3 ஆண்டுத் தொழிற்பயிற்சியே இருக்கிறது, 5 பிரிவுகளில்: குதிரை வளர்ப்பு, பராமரிப்பு, சவாரிப் பயிற்சி, பந்தயம், சிறப்புச் சவாரி முறைகள். பிரிட்டனில் பிரிட்டிஷ் குதிரைச் சங்கம் படிப்படியாகத் தேர்வு வைத்துச் சான்றிதழ் கொடுக்கிறது. இவற்றில் எந்தக் கதவைத் தட்டினாலும் பள்ளிச் சான்றிதழ் கையில் இருந்தால்தான் வழி பெரிதாகத் திறக்கும். கூடவே அறிவியல் பாடங்களை விடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

கீழே உள்ள பகுதியை மட்டும் மகளிடம் படிக்கக் கொடுங்கள்.

கண்ணு, ஒரு குறிப்பேடு போடு. சவாரி முடிந்ததும் ஐந்து நிமிடம் எழுது. இன்று எதற்கு மிரண்டான், எந்த எழுத்துப் பலகைக்கு அருகில், எந்தப் பக்கம் திரும்பும்போது, நேற்று எவ்வளவு நேரம் வெளியே இருந்தான், என்ன தின்றான். ஒரு மாதம் ஆனால் அதில் ஒரு ஒழுங்கு தெரியும். மருத்துவருக்கும் உன் பயிற்சியாளருக்கும் அது பொன்னான தகவல். நீ பார்த்ததை யாரும் கேட்கவில்லை என்றாய். கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும். அவனால் பேச முடியாது, உன்னால் முடியும்.

அடுத்த போட்டியில் கலந்துகொள்ளாதே. அதற்குப் பதில் நடுவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொல்லும் மதிப்பெண்ணை எழுதும் வேலையைக் கேட்டு வாங்கு. 6க்கும் 7க்கும் என்ன வித்தியாசம் என்பது ஒரே நாளில் உன் கண்ணுக்குப் பழகும். ஒரு அசைவில் குதிரை மிரண்டு 4 விழுந்தாலும், அடுத்த அசைவுக்கு நடுவர் 0 முதல் 10 வரை புதிதாகத்தான் போடுகிறார் என்பதையும் பார்ப்பாய். 20 நொடிக்கு மேல் முரண்டு பிடித்தாலோ நான்கு காலும் களத்துக்கு வெளியே போனாலோ போட்டியிலிருந்து விலக்கிவிடுவார்கள், உண்மைதான். ஆனால் நான் பார்த்த அன்று நீ அவனைப் பாய்ச்சலிலிருந்து திருப்பி வட்டத்துக்குள் கொண்டுவர ஆன நேரம் அதைவிடக் குறைவு. அது வந்துவிட்டது உனக்கு. மூன்று மாதத்துக்கு முன் உனக்கு இது வரவில்லை என்று உன் பயிற்சியாளரே சொன்னார்.

கணக்குப் பாடத்தை மட்டும் ஒளித்து வைக்காதே. உன் அம்மா சொல்லிவிட்டார்.

மீண்டும் உங்களிடம் வருகிறேன் அம்மா. விழுந்த அன்று போட்டிருந்த தலைக்கவசத்தை மாற்றிவிட்டீர்களா? அடி வாங்கிய கவசம் வெளியே பார்க்க நன்றாக இருந்தாலும் உள்ளே நொறுங்கியிருக்கலாம், அதை மறுபடியும் போடக் கூடாது. 2021லிருந்து உலக அளவிலான போட்டிகளிலேயே ட்ரெஸ்ஸாஜ் வீரர்கள் போட்டுவந்த பழைய உயரத் தொப்பிக்கு இடமில்லை, எல்லோருக்கும் கவசம் கட்டாயம். இனி எப்போதாவது விழுந்து தலையில் அடிபட்டால், மருத்துவர் சம்மதிக்கும் வரை ஏறக் கூடாது. அவள் எவ்வளவு கெஞ்சினாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். விழும்போது காற்றடைத்து விரிந்து காக்கும் மேல்சட்டை ஒன்றும் வாங்கிக்கொடுங்கள். தனியாக ஏறவே கூடாது என்பதையும் வீட்டு விதியாக வையுங்கள். அப்பாவின் பயத்துக்கு இவைதான் நேர்மையான பதில். 'ஒன்றும் ஆகாது' என்று அவரிடம் சொல்ல என்னால் முடியாது. 500 கிலோவுக்கு மேல் எடையுள்ள, மிரண்டால் ஓடுவதே இயல்பான ஒரு உயிர் அது.

கடைசியாக, மைதானத்துக்கு நான் வந்து பார்க்கலாமா, என்னைப் பார்த்தால் அவள் பதறுவாளா என்று கேட்டிருந்தீர்கள். போங்கள், அப்பாவையும் அழைத்துக்கொண்டு போங்கள். குதிரைக்கு மூக்குக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் தவிரச் சுற்றிலும் கண் தெரியும், அதனால் சட்டென்று எங்கிருந்தாவது தோன்றாமல் ஆரம்பத்திலிருந்தே ஒரே இடத்தில் நில்லுங்கள். குதிரை துள்ளினால் "ஐயோ" என்று கத்தாதீர்கள். அவன் காதும் அவள் காதும் ஒன்றாக உங்கள் பக்கம் திரும்பிவிடும். சவாரி முடிந்ததும் உடனே கிளம்பிவிடாமல், அவள் சேணத்தைக் கழற்றி முதுகைத் தடவிப் பார்க்கிற அந்த நேரத்தில் இருவரும் பக்கத்தில் போய் நில்லுங்கள். என்ன பார்க்கிறாய் என்று அப்பாவே கேட்கட்டும்.

மருத்துவர் வந்து போனதும் அவர் எழுதியதையும் மகளின் குறிப்பேட்டையும் எடுத்துக்கொண்டு மூன்று பேரும் வாருங்கள். பாடப்பிரிவு எது என்பதை அன்றைக்குப் பேசிக்கொள்வோம்.