பழைய அமெரிக்கச் சொகுசுக் கார்களில் பின்னிருக்கைக்கெனத் தனி ஏசி இருந்ததா?

இருந்தது. இன்னும் சரியாகச் சொன்னால், அமெரிக்கக் கார்களில் ஏசி முதலில் இடம்பிடித்ததே பின்பக்கத்தில்தான். பேக்கார்டு நிறுவனம் தனது 1940ஆம் ஆண்டு மாடல்களில் கூடுதல் விலைக்குப் பொருத்திக்கொடுத்த ஏசியின் குளிரூட்டும் பகுதி பின்னிருக்கைக்குப் பின்னால், டிக்கியின் இடத்தை அடைத்துக்கொண்டு இருந்தது. எஞ்சினோடு பெல்ட்டால் இணைந்த கம்ப்ரசரை வேண்டாதபோது விடுவிக்கும் கிளட்ச் இல்லாததால், ஏசியை அடியோடு நிறுத்த வேண்டுமானால் எஞ்சினை அணைத்துவிட்டு பெல்ட்டையே கழற்ற வேண்டியிருந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது 1953இல் காடிலாக் கார்களுக்கு வந்த ஏற்பாடு. டிக்கியில் குளிரூட்டப்பட்ட காற்று, பின்கண்ணாடியின் இரு ஓரங்களிலும் நிற்கும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய்கள் வழியாக மேலேறி, கூரையின் உட்புறத்தில் ஓடும் பாதைகளை அடைந்து, பயணிகளின் தலைக்கு மேலிருந்து இறங்கும். டெக்சஸில் வேலை பார்த்த காலத்தில், நண்பர் ஒருவரின் 1954 காடிலாக்கில் ஜூலை மாத நண்பகலொன்றில் பின்னால் அமர்ந்து சென்றேன். முகத்தில் அறையாமல் மேலிருந்து மெல்லப் படிந்த அந்தக் குளிர்ச்சியைப் பிற்காலத்துக் கார்கள் எதிலும் நான் உணர்ந்ததில்லை.

1954இல் நேஷ் நிறுவனம் வெப்பமூட்டியையும் குளிரூட்டியையும் ஒன்றாக்கி முன்புறத்திலேயே அமைத்துக் காட்டியது. குழாய்களின் நீளம் குறைந்தது, டிக்கி காலியாகக் கிடைத்தது. மற்ற நிறுவனங்களும் படிப்படியாக அவ்வழிக்கு வந்தன. ஆனால் டாஷ்போர்டிலிருந்து புறப்படும் காற்று, நீண்ட காரின் பின்னிருக்கையை அடைவதற்குள் பாதி வலுவிழந்துவிடும் என்பதால், இந்த மாற்றத்தில் இழப்பு பின்னால் இருப்பவர்களுக்கே என்பது என் உறுதியான கருத்து.

அதை ஈடுசெய்யவே இரட்டை ஏசி வந்தது. கிரைஸ்லர் நிறுவனத்தின் 1960களின் இம்பீரியல் கார்களில் முன்புற ஏசியோடு, டிக்கியில் இரண்டாவது ஏசி ஒன்றையும் கேட்டுப் பெற முடிந்தது. காடிலாக் ஃப்ளீட்வுட் 75 லிமோசினில் ஓட்டுநருக்கும் பயணிகளுக்கும் இடையே கண்ணாடித் தடுப்பு இருந்ததால், முன்பக்கக் காற்றை நம்பியிருக்கவே முடியாது. எனவே 1970களில் அதன் பின்பகுதிக்குத் தானியங்கி வெப்பக் கட்டுப்பாடு தனியாகவே இருந்தது.

இத்தகைய கார் ஒன்றை வாங்க எண்ணினால், பின்னிருக்கைக்குப் பின்னுள்ள தட்டில் காற்றுத் துவாரங்கள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்; பிறகு டிக்கியைத் திறந்து, அவற்றோடு சேர்ந்த கருவி அகற்றப்படாமல் இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.