செட்டிநாட்டு வீட்டில் மூன்று இரவு: எங்கே போகலாம், எப்போது திரும்பலாம்?

கேள்வி: கானாடுகாத்தானில் ஒரு பழைய நகரத்தார் வீட்டை ஜனவரி கடைசியில் மூன்று இரவுகளுக்கு எடுத்திருக்கிறோம். கோவையிலிருந்து திருச்சி வழியாகக் காரில் வருகிறோம். மாமியாருக்கு 72 வயது, முழங்கால் வலி. பிள்ளைகளுக்கு 9, 13. பார்க்க வேண்டிய இடங்கள் என்று பதினான்கு எழுதி வைத்திருக்கிறேன், ராமேஸ்வரம் உட்பட. எதை வைக்கலாம், எதை விடலாம்? - கோவை வாசகி

பதில்: முதலில் ராமேஸ்வரத்தை அடித்துவிடுங்கள். போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். நடுவில் கோயில் நடை சாத்தும் நேரமும் வந்துவிடும். முழங்கால் வலிக்காரரை ஒரே நாளில் அந்த அலைச்சலுக்கு இழுக்கக் கூடாது. தஞ்சாவூருக்கும் இதே பதில்தான்.

அடுத்து, மூன்று இரவு என்றால் முழு நாள் இரண்டுதான். வரும் நாளும் கிளம்பும் நாளும் பாதிப் பாதி. ஆனால் உங்கள் வழியில் அந்தப் பாதிகளும் வீணாகாது.

செட்டிநாட்டில் தூரத்தைப் பார்த்துத் திட்டம் போடாதீர்கள். இங்கே எல்லாம் அரை மணி, முக்கால் மணிதான். உச்சிப்பொழுதைப் பார்த்துப் போடுங்கள். பன்னிரண்டரை, ஒரு மணிவாக்கில் நடை சாத்தினால் கோயில் திறக்க நாலு மணி ஆகும். கோட்டை திறந்திருந்தாலும் பாறை காலைச் சுடும். பத்து மணிக்குச் சாவகாசமாகக் கிளம்பி, ஒரு கோயில் பார்த்துவிட்டு, அடுத்த கோயிலின் பூட்டிய கதவுக்கு எதிரே காரில் ஏசி போட்டுக் காத்திருக்கும் குடும்பங்களை அடிக்கடி பார்க்கிறேன். காலை ஏழுக்கு வெளியே, பன்னிரண்டரைக்குள் வீடு, நாலு மணிக்கு மறுபடி வெளியே. இது ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும்.

வரும் நாள்: புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடி சாலையில் வரும்போது, கானாடுகாத்தானுக்கு முன்னாலேயே திருமயம் வந்துவிடும். நாலு மணிக்கு அங்கே இருக்கும்படி கிளம்புங்கள். சேதுபதிகள் காலத்துக் கோட்டை. பிள்ளைகள் மேலே ஏறிப் பீரங்கியைப் பார்த்து வரட்டும். அதே பாறையில் சத்தியமூர்த்திப் பெருமாளுக்கும் சத்தியகிரீஸ்வரருக்கும் பக்கத்துப் பக்கத்தில் குடைவரைகள் இருக்கின்றன. மாமியார் மலை ஏறாமல் பள்ளிகொண்ட பெருமாளை நிதானமாகச் சேவிக்கலாம். கோட்டையை மாலையில் மூடிவிடுவார்கள். அதனால் ஏறுபவர்கள் முதலில் ஏறிவிடுங்கள், கோயில் பிறகு.

முதல் முழு நாள்: பிள்ளையார்பட்டி, குன்றக்குடி. பிள்ளையார்பட்டியில் மலை ஏற வேண்டியதில்லை. அடிவாரத்துப் பாறையில் குடைந்த கற்பக விநாயகர், வலம்புரித் துதிக்கையோடும் இரண்டே கைகளோடும் வடக்குப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். சங்கடஹர சதுர்த்தியன்று மட்டும் போகாதீர்கள், வரிசை நீளும். குன்றக்குடி முருகனுக்குப் படி ஏறியாக வேண்டும். ஏற முடியாதவர்களுக்கு மலையடிவாரத்திலேயே குடைவரைச் சிவன் கோயில்கள் உண்டு. மேலே போய்விட்டு அவசரமாகத் திரும்புகிறவர்கள் பெரும்பாலும் அவற்றைப் பார்ப்பதே இல்லை. தைப்பூசம் உங்கள் தேதியை ஒட்டி வந்தால் ஒரு பெரிய பாக்கியம். நகரத்தார் காவடிகள் குன்றக்குடியில் கூடிப் பழனிக்கு நடக்கும். காரை மெதுவாக ஓட்டுங்கள், நடப்பவர்களுக்கு வழி விடுங்கள்.

மதியம் வீட்டுக்கு வந்துவிடுங்கள். வாடகை கொடுத்து எடுத்த அந்த வீட்டை ராத்தூக்கத்துக்கு மட்டும் பயன்படுத்திவிட்டுப் போகிறார்களே என்பதுதான் என் தீராத ஆதங்கம். பர்மாவிலும் மலாயாவிலும் வணிகம் செய்தவர்கள் பர்மாத் தேக்கைக் கப்பலில் கொண்டுவந்து கட்டியவை இந்த வீடுகள். வாசலில் நின்று நேரே பாருங்கள்: முகப்பு, வளவு என்னும் நடுமுற்றம், அடுத்த கட்டு என்று ஒரே கோட்டில் போய், கடைசியில் பின்வாசல் கதவு தெரியும். அதற்கப்பால் அடுத்த தெரு. பன்னிரண்டு மணிக்கு வளவில் விழும் வெயில் சதுரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தூண் பக்கம் நகர்வதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசிய சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த நேரத்திலும் சில்லென்று வழுக்கும். சமையல்காரரிடம் முதல் நாளே சொல்லிவைத்தால் வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் கவுனி அரிசியும் கிடைக்கும்.

இரண்டாம் முழு நாள்: காலையில் ஆத்தங்குடி. வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் சொல்லி, தரைக்குப் பாவும் பூக்கல் போடும் பட்டறை அன்று நடக்கிறதா என்று கேட்டுக்கொண்டு போங்கள். கண்ணாடிச் சில்லின் மேல் பூ வடிவ உலோக அச்சை வைத்து, கண்ணுக்குக் கண் வேறு நிறக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுவார்கள். பிறகு அச்சை ஒரே சீராக மேலே தூக்குவார்கள். கை கொஞ்சம் நடுங்கினாலும் சிவப்பு பச்சையில் ஓடிவிடும். அதன் மேல் மணலும் சிமென்ட்டும் போட்டு அழுத்தி, காயவிட்டு, தண்ணீரில் போட்டுவைப்பார்கள். கடைசியில் கண்ணாடியைப் பிரித்தால் அந்தப் பளபளப்பு. சூளையும் கிடையாது, மெருகும் கிடையாது. நீங்கள் தங்கியிருக்கும் வீட்டிலும் இந்தக் கல் பாவியிருக்கலாம். பிள்ளைகள் திரும்பி வந்து தரையைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும். ஆத்தங்குடியிலேயே கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடும் பெரிய வீட்டையும் பார்த்துவிடுங்கள். கானாடுகாத்தான் அரண்மனையையும் காரைக்குடி ஆயிரம் ஜன்னல் வீட்டையும் வெளியிலிருந்துதான் பார்க்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் போதும்.

மாலையில் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு. பழைய எனாமல் பாத்திரம், பித்தளை, சாமி படம் எல்லாம் குவிந்திருக்கும். நின்று பாருங்கள், விலை கேளுங்கள். ஆனால் தூணும் கதவும் வாங்க வேண்டாம் என்பேன். ஒரு வீட்டை இடித்தால்தான் அவை கடைக்கு வரும். வாங்கத்தான் வேண்டுமென்றால் கொட்டான் என்னும் பனையோலைக் கூடையும் கண்டாங்கிச் சேலையும் வாங்குங்கள். இரண்டும் புவிசார் குறியீடு பெற்றவை, முடைபவருக்கும் நெய்பவருக்கும் வேலை கிடைக்கும்.

கிளம்பும் நாள்: ஏழு மணிக்குள் புறப்பட்டு, புதுக்கோட்டையைத் தாண்டிச் சித்தன்னவாசல். ஓவியக் குகைக்குக் கொஞ்சம் படிதான். விதானத்துத் தாமரைக் குளத்தில் மீன், வாத்து, யானை, எருமை, பூப்பறிக்கும் ஆட்கள் எல்லாம் இருக்கிறார்கள். யார் முதலில் எல்லாவற்றையும் கண்டுபிடிப்பது என்று பிள்ளைகளிடம் போட்டி வையுங்கள். அதே குன்றின் மேலே இருக்கும் ஏழடிப்பட்டத்துச் சமணர் படுக்கைகளில் 2,000 ஆண்டுக்கு முந்தைய தமிழ்ப் பிராமி எழுத்து இருக்கிறது; ஏற்றம் அதிகம், மாமியார் கீழே மர நிழலில் இருக்கட்டும். சாப்பாட்டுக்கு அங்கே எதையும் நம்பிப் போக வேண்டாம். முதல் நாள் இரவே சொல்லிவைத்துப் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.