பூ முடிந்ததும் ஆர்க்கிட் செடி அழுகிப்போகிறது. சென்னை வெயிலில் இதை வீட்டில் வளர்க்கவே முடியாதா?

தாராளமாக வளர்க்கலாம். நானும் சென்னையில்தான், கிழக்குப் பார்த்த பால்கனியில் வளர்க்கிறேன். என்ன ரகம் வாங்குகிறோம் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

நீங்கள் வாங்கியது அகல இலையும் வளைந்த பூந்தண்டும் உள்ள ஃபெலனாப்சிஸாக இருக்கும் என்று நினைக்கிறேன். கடைகளில் முதலில் கண்ணில் படுவது அதுதான். வரும்போது இருக்கிற பூ இரண்டு மூன்று மாதம்கூட நிற்கும். ஆனால் அடுத்த பூந்தண்டு விட, சில வாரங்கள் தொடர்ந்து 25 டிகிரிக்குக் கீழே குளிர்ச்சி வேண்டும். 28 டிகிரிக்கு மேலேயே போய்க்கொண்டிருந்தால் இலை விடும், பூக்காது. பெங்களூருக்கும் ஏற்காட்டுக்கும் அது பொருத்தமான செடி. நமக்கு டென்ட்ரோபியம். கல்யாண மேடை அலங்காரத்தில் ஊதாவும் வெள்ளையுமாகக் கொத்துக் கொத்தாக வைப்பார்களே, அந்தப் பூ. தாய்லாந்திலிருந்து வருகிற கலப்பின ரகங்கள் நம் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் நன்றாகவே ஒத்துப்போகின்றன.

அழுகுவதற்குக் காரணம் பெரும்பாலும் வேரில் தேங்கும் ஈரம். இந்த ஆர்க்கிட்கள் காட்டில் மரக்கிளையைப் பற்றிக்கொண்டு, வேரைக் காற்றில் விட்டு வளர்பவை. மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை, இடம் மட்டும்தான் எடுத்துக்கொள்கின்றன. நம் பக்கத்து மாமரங்களிலேயே வாண்டா டெசெலாட்டா என்ற ஆர்க்கிட் இப்படி வளர்வது உண்டு. அப்படிப்பட்ட வேரை மண்ணில் புதைத்தால் மூச்சு முட்டிப்போகும்.

எனக்குப் பூவைவிட இந்த வேரின் மேல்தான் ஆசை அதிகம். அதைச் சுற்றி வெலமன் என்று ஓர் உறை இருக்கிறது. காய்ந்திருக்கும்போது வெள்ளி நிறத்தில் இருக்கும். மேலே தண்ணீர் பட்டதும் சில நொடிகளில், பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பச்சையாக மாறிவிடும். எப்போது தண்ணீர் ஊற்றுவது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் இல்லை. வேர் வெளுத்திருந்தால் ஊற்றுங்கள், பச்சையாக இருந்தால் விட்டுவிடுங்கள். சித்திரை, வைகாசியில் தினமும் கேட்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நாள்கணக்கில் கேட்காது, அப்போது கூரைக்கு அடியில் நகர்த்திவிட வேண்டும். எப்படியும் காலையில் ஊற்றுவதுதான் நல்லது. இலைக் குருத்தில் தண்ணீர் இரவு முழுக்கத் தங்கினால் குருத்தே அழுகும்.

தொட்டிக்குள் போட மண்ணே வேண்டாம். இஸ்திரிக் கடைக்காரர் வாங்குகிற மரக்கரி, உடைந்த ஓட்டுச் சில்லு, கொஞ்சம் தேங்காய் மட்டைத் துண்டு போதும். தொட்டியில் பக்கவாட்டிலும் ஓட்டைகள் இருக்கட்டும். நர்சரியிலிருந்து வரும்போது வேரைச் சுற்றித் தேங்காய் நாரை இறுக்கி அடைத்திருப்பார்கள். அதுவும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். புது வேர் முளைக்கிற சமயமாகப் பார்த்து, மெதுவாக எடுத்துவிட்டு மாற்றி வையுங்கள்.

தண்ணீரிலும் ஒரு சங்கதி இருக்கிறது. சென்னையில் பல வீடுகளில் போர் தண்ணீர் உப்பு. அது கரியின் மேல் வெள்ளையாகப் படியும், வேர் நுனி கருகும். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்தால் அருமை, இல்லாவிட்டால் ஆர்.ஓ. தண்ணீர். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளுகிற கழிவு நீரில் உப்பு இன்னும் அதிகம், அதை மட்டும் ஊற்றிவிடாதீர்கள்.

வெளிச்சத்துக்கு இலையைப் பாருங்கள். கரும்பச்சையாக இருந்தால் வெளிச்சம் போதவில்லை, பூக்காது. கொஞ்சம் மஞ்சள் கலந்த இளம்பச்சைதான் சரி. காலை வெயில் நேராகப் படலாம், உச்சி வெயிலுக்குப் பாதி வெளிச்சத்தை மறைக்கிற பச்சை வலை கட்டிவிடுங்கள். உரம் என்றால் தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் இருக்கிற 19:19:19, லிட்டர் தண்ணீருக்கு அரை கிராம், வாரம் ஒருமுறை. மாவுப்பூச்சி வந்தால் வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும்.

இப்போது கையில் இருக்கிற செடியை உடனே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தொட்டியிலிருந்து எடுத்து வேர்களை விரலால் அழுத்திப் பாருங்கள். செத்த வேர் நசுங்கும், தோல் வழுக்கிக்கொண்டு வந்து நடுவில் நூல் மட்டும் மிஞ்சும். அதையெல்லாம் நெருப்பில் காட்டிய கத்தரியால் வெட்டுங்கள். வெட்டிய இடத்தில் சமையலுக்குப் போடுகிற லவங்கப்பட்டைத் தூள் தடவி, ஒருநாள் நிழலில் காயவிட்டு, கரியில் வையுங்கள். கெட்டியான வேர் இரண்டு மூன்று இருந்தால்கூடப் பிழைக்க வாய்ப்பு உண்டு.

அடுத்து டென்ட்ரோபியம் வாங்கினால், இலை உதிர்ந்து மொட்டையாக நிற்கிற பழைய தண்டை வெட்ட வேண்டாம். சுருங்கிப்போகாமல் இருக்கும்வரை அது புதுத் தண்டுக்குத் தீனி கொடுக்கும், சில சமயம் அதன் கணுவிலிருந்தே மறுபடி பூக்கும்.