பில்லி கானலி நாட்டுப்புறப் பாடகரா, நகைச்சுவைக் கலைஞரா?
இரண்டும்தான், ஆனால் பாட்டுதான் முதலில் வந்தது. 1942இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பிறந்து, கிளைடு ஆற்றங்கரைக் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராக வேலை பார்த்த கானலி, 1960களில் பாஞ்சோ என்ற நரம்பிசைக் கருவியுடன் மேடையேறி, ‘ஹம்பிள்பம்ஸ்’ குழுவில் (பின்னாளில் பெரும் புகழ்பெற்ற பாடகர் ஜெரி ராஃபர்ட்டியும் அதில் இருந்தார்) பாடினார். பாடல்களுக்கு இடையே அவர் பேசிய வேடிக்கைப் பேச்சு நீண்டுகொண்டே போனது. 1971இல் குழு கலைந்தபின் அதுவே தொழிலாயிற்று. 1975இல் மைக்கேல் பார்க்கின்சனின் பிபிசி தொலைக்காட்சிப் பேட்டி நிகழ்ச்சியில், மனைவியைக் கொன்று புதைத்தவன், சைக்கிளை நிறுத்த வசதியாக இருக்கட்டும் என்று அவளுடைய பின்புறத்தை மட்டும் மண்ணுக்கு மேலே விட்டுவைத்ததாக ஒரு நகைச்சுவையைச் சொல்லி, பிரிட்டன் முழுவதும் அறிமுகமானார். அதே ஆண்டு அவருடைய கேலிப்பாட்டு ஒன்று பிரிட்டனின் இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. நடிப்பில், 1997இல் வந்த ‘மிசஸ் பிரவுன்’ படத்தில் விக்டோரியா அரசியின் பணியாளர் ஜான் பிரவுனாக அவர் காட்டிய அடக்கமே, என் கணிப்பில், உச்சம்.