வீட்டில் மிச்சமிருக்கும் வாந்தி மாத்திரையைச் சேர்த்துக் கொடுக்கலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 64 வயது. சர்க்கரை, பிரஷர் இரண்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். காலையில் வெறும் வயிற்றில் ஒரு கேஸ் மாத்திரையும் உண்டு. நேற்று முன்தினம் முதல் வாந்தியும் வயிற்றுப்போக்குமாக இருக்கிறார். டாக்டர் ஓர் ஆன்டிபயாடிக்கும், நாக்கில் வைத்தால் கரையும் ஒண்டான்செட்ரான் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். வாந்தி குறைந்திருக்கிறது, குமட்டல் நிற்கவில்லை. போன தடவை வாங்கிய டோம்பெரிடோன் மாத்திரை வீட்டில் மிச்சம் இருக்கிறது. அதையும் சேர்த்துக் கொடுக்கலாமா? மாத்திரை போட்ட உடனே வாந்தி எடுத்துவிட்டால் இன்னொன்று போடலாமா? சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா?

பதில்: டோம்பெரிடோனை இப்போது கொடுக்காதீர்கள். அம்மா அதை ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம்.

காலையில் போடும் கேஸ் மாத்திரையின் அட்டையை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பிராண்டு பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் உள்ளே இருக்கும் மருந்துகளின் பெயர் இருக்கும். நம் ஊரில் ‘கேஸ் மாத்திரை’ என்று வாங்கும் கேப்ஸ்யூல்களில் பல, பான்-டி போல, இரண்டு மருந்து சேர்ந்தவை. அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் அல்லது ராபிபிரசோல் ஒன்று, கூடவே டோம்பெரிடோன். அதிலும் அந்த டோம்பெரிடோன் பெரும்பாலும் 30 மில்லிகிராம், நாள் முழுக்க மெதுவாக வெளிவரும் வகையில் செய்திருப்பார்கள். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு டோம்பெரிடோனின் உச்ச அளவே 30 மில்லிகிராம்தான். காலையில் ஒரு கேப்ஸ்யூல் போட்டதுமே அன்றைய கணக்கு முடிந்துவிடுகிறது. அதன்மேல் 10 மில்லிகிராம் மாத்திரையை மூன்று வேளை கொடுத்தால் அளவு இரண்டு மடங்கு ஆகிவிடும். காய்ச்சல், தலைவலிக்கு விற்கும் சில மாத்திரைகளிலும் பாராசிட்டமாலோடு டோம்பெரிடோன் சேர்ந்திருக்கிறது. அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அளவு கூடினால் என்ன ஆகும்? டோம்பெரிடோனுக்கு இதயத்தின் மின் ஓட்டத்தைப் பாதிக்கும் குணம் உண்டு. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் அடுத்த துடிப்புக்குத் தயாராக எடுத்துக்கொள்ளும் நேரத்தை அது நீட்டிவிடுகிறது. ஈ.சி.ஜி.யில் இதை ‘க்யூ-டி’ இடைவெளி என்று பார்ப்பார்கள். அது மிகவும் நீண்டால் துடிப்பு தாறுமாறாகி, அரிதாக உயிருக்கே ஆபத்தாகலாம். இந்தக் காரணத்தால்தான் 2014-ல் ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, குமட்டல் வாந்திக்கு மட்டும், 10 மில்லிகிராம் வீதம் நாளைக்கு அதிகபட்சம் மூன்று வேளை, பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம் என்று வரம்பு போட்டது. 60 வயதைக் கடந்தவர்கள், நாளைக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் எடுப்பவர்கள், இதே குணமுள்ள வேறு மருந்தும் சேர்த்து எடுப்பவர்கள் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல் என்றும் சொன்னது.

அந்த மூன்றாவது விஷயம்தான் உங்கள் அம்மா விஷயத்தில் எனக்குக் கவலை தருகிறது. டாக்டர் கொடுத்த ஒண்டான்செட்ரானும் க்யூ-டி இடைவெளியை நீட்டக்கூடியதே. வயிற்றுப்போக்குக்கு எழுதப்படும் ஆன்டிபயாடிக்குகளில் அசித்ரோமைசின், சிப்ரோஃப்ளாக்சசின், ஓஃப்ளாக்சசின் ஆகியவையும் அப்படியே. தனித்தனியாக, சரியான அளவில், இதயம் நன்றாக இருப்பவருக்கு இவை பெரும்பாலும் தொந்தரவு தருவதில்லை. ஆனால் வாந்தியும் பேதியும் சேர்ந்து உடம்பிலிருந்து பொட்டாசியத்தையும் மெக்னீசியத்தையும் வெளியேற்றிவிடும். இதயத் துடிப்பு சீராக இருக்க இவை இரண்டும் வேண்டும். பிரஷர் மாத்திரையில் சிறுநீர் பிரிக்கும் மருந்து கலந்திருந்தால் பொட்டாசியம் இன்னும் இறங்கும். ஆக, வயது, நீரிழப்பு, ஆன்டிபயாடிக், ஒண்டான்செட்ரான், கேஸ் மாத்திரைக்குள் இருக்கக்கூடிய டோம்பெரிடோன் எல்லாம் ஒரே நேரத்தில் கூடிவிட்டன. இன்னொரு டோம்பெரிடோனைச் சேர்க்க இது நேரமில்லை.

எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்குகளையும், ஃப்ளூகோனசோல், கீட்டோகோனசோல் என்ற பூஞ்சை மருந்துகளையும் டோம்பெரிடோனோடு சேர்க்கவே கூடாது. கல்லீரல் டோம்பெரிடோனை உடைத்து வெளியேற்றுவதை இவை தடுப்பதால் ரத்தத்தில் அதன் அளவு பல மடங்கு ஏறும்.

இன்றே செய்ய வேண்டியது: கேஸ் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, புதிதாகக் கொடுத்தவை என எல்லா அட்டைகளையும் மேஜையில் பரப்பிவைத்து, மருந்தின் பெயரும் மில்லிகிராமும் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்புங்கள், அல்லது நேரில் கொண்டுபோய்க் காட்டுங்கள். டாக்டரிடம் “கேஸ் மாத்திரை சாப்பிடுகிறார்” என்று மட்டும் சொன்னால் உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஒண்டான்செட்ரான் எடுக்கும் நாட்களுக்கு அந்தக் கேப்ஸ்யூலை நிறுத்தவோ, டோம்பெரிடோன் கலக்காத வெறும் பான்டோபிரசோலாக மாற்றவோ சொல்லலாம். அதை அவரே முடிவு செய்யட்டும். அம்மாவுக்கு முன்பு இதயப் பிரச்சினை இருந்ததா, மயக்கம் போட்டு விழுந்திருக்கிறாரா என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

அடுத்து, போட்ட மாத்திரை வாந்தியில் வந்துவிட்டால்? நாக்கில் கரையும் ஒண்டான்செட்ரான் வாய்க்குள்ளேயே ரத்தத்தில் சேர்ந்துவிடுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அது வாயில் கரைந்து, எச்சிலோடு விழுங்கப்பட்டு, குடலில்தான் உறிஞ்சப்படுகிறது. தண்ணீர் தேவையில்லை என்பதே அதன் வசதி. போட்டு 15 நிமிடத்துக்குள் வாந்தி வந்தால் இன்னொன்றை ஒரே ஒரு முறை கொடுக்கலாம். அரை மணி நேரம் தாண்டிவிட்டால் திரும்பக் கொடுக்க வேண்டாம், அடுத்த வேளை வரை பொறுங்கள். இடைப்பட்ட நேரம் என்றால் டாக்டரை ஒரு போன் செய்து கேட்டுவிடுங்கள். இரண்டாவதும் வெளியே வந்துவிட்டால் மூன்றாவதை முயற்சி செய்யாதீர்கள். மாத்திரை பயன்படாத நிலைக்கு வந்துவிட்டது, ஊசியோ டிரிப்ஸோ தேவைப்படலாம் என்று பொருள். மாத்திரையை எடுக்கும்போது கை ஈரமில்லாமல் இருக்கட்டும். அட்டையின் பின்பக்கத்தை உரித்து எடுங்கள், அழுத்தித் தள்ளினால் சில மாத்திரைகள் தூளாகிவிடும்.

இந்தக் கணக்கு வாந்தி மாத்திரைக்கு மட்டும். சர்க்கரை மாத்திரையை வாந்தி எடுத்துவிட்டார் என்று மறுபடி கொடுத்துவிடாதீர்கள். கிளிமிபிரைடு போன்ற மாத்திரை உள்ளே பாதி சேர்ந்திருந்து, இன்னொன்றும் போட்டு, சாப்பாடும் இறங்கவில்லை என்றால் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடும். மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகள், டெல்மிசார்டான் என்ற பிரஷர் மாத்திரை போன்றவற்றை உடம்பில் நீர் வற்றியிருக்கும் நாட்களில் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வது வழக்கம். அம்மா எதை நிறுத்த வேண்டும், எதைத் தொடர வேண்டும் என்று இன்றே கேளுங்கள். இன்சுலின் போடுபவர்கள் மட்டும் “சாப்பிடவில்லையே” என்று தாங்களாக அதை நிறுத்திவிடக் கூடாது. அளவை மாற்ற வேண்டியிருக்கலாம், அதை டாக்டர் சொல்வார். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் இந்த இரண்டு மூன்று நாளும் அடிக்கடி பாருங்கள்.

சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா என்ற கேள்விக்கு மருந்துக்கு மருந்து பதில் மாறும். ஒண்டான்செட்ரானை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆனால் போட்டு அரை மணி நேரம் பொறுத்து அப்புறம் ஏதாவது குடிக்கக் கொடுத்தால் தங்கும். டோம்பெரிடோனைச் சாப்பாட்டுக்கு 15 முதல் 30 நிமிடம் முன்னால் எடுக்க வேண்டும். சாப்பிட்டபின் போட்டால் அது வேலை செய்யத் தாமதமாகும். பஸ் பயண வாந்திக்கு அவோமின் போடுபவர்கள் வண்டி மலை ஏறத் தொடங்கியபிறகு போடுகிறார்கள், பிறகு கேட்கவில்லை என்கிறார்கள். கிளம்புவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே போட வேண்டும். தூக்கம் வரவைக்கும் என்பதால் வண்டி ஓட்டுபவர் அதைத் தொடக் கூடாது.

வாந்தி குறைந்தும் குமட்டல் நிற்கவில்லை என்றீர்கள். அதற்கு இன்னொரு மாத்திரையைவிடப் பல நேரம் நீர்ச்சத்துதான் தேவை. ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட்டை முழுசாக ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் கரையுங்கள். பாதிப் பாக்கெட், பாதி டம்ளர் என்று கண்ணளவில் கலக்க வேண்டாம். கலந்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கவும் வேண்டாம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒன்றிரண்டு ஸ்பூன் போதும். தாகமாக இருக்கிறதே என்று ஒரு டம்ளரை மடமடவென்று குடித்தால் அப்படியே திரும்பி வந்துவிடும். சர்க்கரை நோயாளி என்பதால் ஓ.ஆர்.எஸ். கொடுக்கப் பயப்பட வேண்டாம். அதில் உள்ள குளுக்கோஸ் கொஞ்சம்தான், குடல் உப்பை உறிஞ்ச அது அவசியம். டெட்ரா பாக்கெட்டில் வரும் இனிப்புப் பானங்கள் அதற்கு ஈடாகாது. அவற்றில் சர்க்கரை அதிகம், உப்பு குறைவு. இட்லி, கஞ்சி, மோர் இறங்கத் தொடங்கினால் வாந்தி மாத்திரையை நிறுத்திவிடலாம். ஆன்டிபயாடிக்கைப் போல எழுதிக் கொடுத்த நாளை முடித்தே ஆக வேண்டும் என்பதில்லை. தேவையில்லாமல் தொடர்ந்தால் ஒண்டான்செட்ரான் நன்றாக மலச்சிக்கல் கொடுக்கும், தலைவலியும் வரும்.

உங்கள் கடிதத்தில் இல்லாத இரண்டு மருந்துகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இவையும் வீடுகளில் மிச்சமாகிக் கிடப்பவை. ஒன்று மெட்டோகுளோப்ரமைடு, பெரினார்ம் என்ற பெயரில் பலருக்குத் தெரியும். அது மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளின் வேலையைத் தடுப்பது. அதனால் சிலருக்கு, குறிப்பாகக் குழந்தைகளுக்கும் இளம்பெண்களுக்கும், ஓரிரு வேளையிலேயே கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும், கண் மேலே செருகும், தாடை இறுகும். பார்ப்பவர்கள் வலிப்பு என்று பதறிப்போவார்கள். உடனே மருத்துவமனைக்குப் போய், என்ன மாத்திரை போட்டார் என்று சொன்னால் ஓர் ஊசியில் சரியாகிவிடும். மாத்திரையைச் சொல்லாவிட்டால்தான் ஸ்கேன், பரிசோதனை என்று நேரம் போகும். ஐந்து நாளுக்கு மேல் அதை எடுக்கக் கூடாது என்பது ஐரோப்பிய அமைப்பின் 2013-ஆம் ஆண்டு அறிவுரை. மாதக்கணக்கில் எடுத்தால் வாயும் நாக்கும் தானாக அசைந்துகொண்டே இருக்கும் நிலை வரலாம், நிறுத்திய பிறகும் அது போகாமல் தங்கிவிடக்கூடும்.

இன்னொன்று புரோகுளோர்பெரசின், ஸ்டெமெட்டில் என்று கேட்டு வாங்குவார்கள். தலைச்சுற்றலோடு வரும் குமட்டலுக்குச் சில நாள் எடுத்தால் நல்ல மருந்து. ஆனால் எப்போதோ எழுதிய பழைய சீட்டைக் காட்டி, வருடக்கணக்கில் வாங்கிச் சாப்பிடும் வயதானவர்கள் இருக்கிறார்கள். மெல்ல மெல்லக் கை நடுங்கும், நடை சுருங்கும், முகத்தில் உணர்ச்சி குறையும். வயசாகிவிட்டது என்று வீட்டில் விட்டுவிடுவார்கள், அல்லது பார்க்கின்சன் நோய்க்கு இன்னொரு மாத்திரை சேரும். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம், ஏனென்றால் மருந்தை முறையாக நிறுத்தினால் பெரும்பாலானவர்கள் சில வாரங்களில், மாதங்களில் தேறிவிடுகிறார்கள். உங்கள் வீட்டிலோ உறவிலோ யாராவது இப்படி எடுத்துக்கொண்டிருந்தால் டாக்டரிடம் ஒருமுறை பேசச் சொல்லுங்கள். ஏற்கெனவே பார்க்கின்சன் இருப்பவர்களுக்கு இந்த இரண்டுமே ஆகாது.

கர்ப்பிணிகளுக்கும், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களுக்கும் வாந்தி மருந்து தேர்வு செய்வதே வேறு மாதிரி. அவர்களுக்கு எழுதியதை மற்றவர்களோ, மற்றவர்களுடையதை அவர்களோ எடுக்கக் கூடாது. குழந்தைகளுக்கு எடையைப் பார்த்துத்தான் அளவு, பெரியவர்களின் மாத்திரையை உடைத்துக் கொடுப்பது ஆபத்து.

இனி, மாத்திரையை ஒதுக்கிவைத்துவிட்டு அம்மாவை உடனே மருத்துவமனைக்கு அழைத்துப்போக வேண்டிய நிலைமைகள். வாந்தியில் ரத்தமோ காப்பித்தூள் மாதிரியோ பச்சையாகவோ வந்தால். வயிறு உப்பி, காற்றும் பிரியாமல் இருந்தால். எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றால். பேச்சு குழறினால், நினைவு மங்கினால். சர்க்கரை 300-க்கு மேலே நின்று, வேகவேகமாக மூச்சு வாங்கினால். நெஞ்சில் அழுத்தம், குப்பென்று வியர்வை, மேல்வயிற்று வலியோடு குமட்டல் வந்தால் கேஸ் என்று எண்ணிவிடாதீர்கள். சர்க்கரை உள்ள பெண்களுக்கு மாரடைப்பு சில நேரம் நெஞ்சுவலியே இல்லாமல் வெறும் வாந்தியாக வரலாம். காய்ச்சல் விட்டபிறகு விடாத வாந்தி வருவது டெங்குவின் எச்சரிக்கை அறிகுறி. மாத்திரை போட்டபின் படபடப்பு வந்தாலும், மயக்கம் வந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

மிச்சமிருக்கும் டோம்பெரிடோன் அட்டையில் மருந்துப் பெயரும் காலாவதித் தேதியும் கிழிந்துபோயிருந்தால் அதை இனி யாருக்கும் கொடுக்க வேண்டாம். மருந்தால் ஏதாவது பக்கவிளைவு வந்ததாகச் சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் சொல்வதோடு, இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணிலும் நீங்களே தெரிவிக்கலாம். பேசும்போது அட்டை கையில் இருக்கட்டும். மருந்தின் பெயர், அளவு, எந்தத் தேதியில் தொடங்கினார், கூட வேறென்ன மாத்திரை சாப்பிட்டார் என்று கேட்பார்கள்.